இரத்தக் கொதிப்பும் இல்லத்து மருந்துப் பெட்டியும்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில், இரத்தக் கொதிப்புக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளை இடரின்றி உட்கொள்ளும் முறையைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். குழந்தைகளின் நடனத்துக்கும் இன்னிசைக்கும் நடுவே நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், இத்தலைநகரில் மருந்து வழங்கும் சாளரத்தின் உட்புறம் பல்லாண்டுகள் நின்று பழகிய யாம் ஒன்றை உறுதியாகச் சொல்வோம். இக்கூடத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள், இம்மாத்திரை நுழையாத வீடு மிகச் சிலவே. காலைக் காப்பியைப் போல அதுவும் அன்றாடப் பொருளாகிவிட்டது. அன்றாடம் கையாளும் பொருளிடத்துக் கவனம் குறைவது மக்கள் இயல்பு. அக்கவனத்தை மீண்டும் எழுப்புவதே இவ்வுரையின் நோக்கம்.

யாம் மருத்துவர் அல்லோம். எவர்க்கு எம்மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது. அவர் எழுதிய மருந்து, கடையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து வயிற்றுக்கும் செல்லும் வழியில் நேரும் பிழைகள் யாவை, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே யாம் சொல்ல வந்தது.

பெயரால் வந்த மயக்கம்

முதலில் நோயின் பெயரையே நோக்குவோம். இருதயம் உந்தித் தள்ளும் குருதி, நாளங்களின் சுவரை அழுத்தும் விசையே குருதியழுத்தம். இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தத்தை மேலெண் காட்டும். அது தளரும்போது உள்ள அழுத்தத்தைக் கீழெண் காட்டும். பாதரச மில்லிமீட்டர்க் கணக்கில் 120க்கு 80 என்னும் அளவை ஒட்டி நிற்பது நலம். மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காணுமாயின் நோய் எனக் கொள்வர். வீட்டில் அமைதியாக அளக்கும்போது 135க்கு 85 என்பதே அவ்வெல்லை. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய மருத்துவ அமைப்புகள் தங்கள் எல்லையை 130க்கு 80 என்று தாழ்த்தின. உங்களுக்குரிய இலக்கு எது என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இதனைத் தமிழில் ‘இரத்தக் கொதிப்பு’ என்று வழங்கிவிட்டோம். பெயர் பொருத்தமாகத் தோன்றினும், அதனால் ஒரு மயக்கம் விளைந்தது. கொதிப்பு என்றவுடன் சினமும் சூடும் நினைவுக்கு வருகின்றன. ‘நமக்குக் கோபமே வராது, நமக்கேது கொதிப்பு?’ என்று சாந்தமானவர் எண்ணுகிறார். ‘இன்று தலைவலி இல்லை, கொதிப்பு அடங்கிவிட்டது, மாத்திரை எதற்கு?’ என்று நோயுள்ளவர் எண்ணுகிறார். இரண்டும் பிழை. இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே இல்லை. தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை, களைப்பும் இல்லை. உடையவர் நலமாக நடமாடிக்கொண்டிருக்க, அது உள்ளே மூளையின் நாளங்களையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணின் திரையையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். உடல் சொல்லும் என்று காத்திருப்பவர்க்கு அது சொல்லும் முதற்சொல் பக்கவாதமாகவே இருந்துவிடுவதுண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் இந்நோய் பற்றித் தன் முதல் உலக அறிக்கையை வெளியிட்டது. நோயுள்ளவர் ஐவருள் நால்வர்க்குப் போதிய சிகிச்சை கிட்டவில்லை என்று அது கூறுகிறது. மருந்தே இல்லாத நோய்க்கு இந்நிலை நேர்ந்தால் வியப்பில்லை. மலிவான, நல்ல மருந்துகள் உள்ள நோய்க்கு இது நேர்ந்திருப்பதே வருந்தத்தக்கது.

மருந்து வந்த வழி

அம்மருந்துகள் எளிதில் கிட்டியவை அல்ல. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளையில் குருதி கசிந்து உயிர் துறந்தார். அன்று அவருடைய குருதியழுத்தம் 300க்கு 190 என்று மருத்துவர் குறித்து வைத்தார். உலகின் வலிமைமிக்க நாட்டின் தலைவர்க்கு ஓய்வையும் உணவுக் கட்டுப்பாட்டையும் தவிர உருப்படியாகக் கொடுக்க அந்நாளில் மருத்துவரிடம் ஏதும் இல்லை. இன்று நம் குடியிருப்பின் மூலைக் கடையிலுள்ள ஒரு சிறு மாத்திரை, அவர்க்குக் கிடைக்காத செல்வம்.

இம்மருந்துகளின் வரலாற்றில் நம் தில்லிக்கும் பங்குண்டு. நம்மவர் பல தலைமுறையாகக் குடியிருந்து வரும் கரோல்பாக்கில் திப்பியாக் கல்லூரி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் விருப்பப்படி அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியல் அறிஞர் பணிபுரிந்தார். அவர் சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்து 1931இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் என்று ஹக்கீமின் பெயரையே சூட்டினார். அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேர் குருதியழுத்தத்தைத் தணிப்பதை எழுதினர். 1949இல் பம்பாயைச் சேர்ந்த இருதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளரிடம் கண்ட பயனை ஆங்கில நாட்டு மருத்துவ ஏட்டில் வெளியிட, மேனாட்டார் விழித்துக்கொண்டனர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது.

பின்னர் 1967இல் அமெரிக்காவில் எட்வர்டு ஃபிரைஸ் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வு ஐயத்தை அகற்றியது. கீழெண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மறு பிரிவினர்க்கு வெற்று மாத்திரையும் தந்தனர். சராசரியாக ஈராண்டு கூட நிறையுமுன், வெற்று மாத்திரை உண்டவருள் 27 பேர்க்குக் கொடிய விளைவுகள் நேர்ந்தன; மருந்து உண்டவருள் இருவர்க்கே நேர்ந்தன. அம்மருந்துக் கலவையில் நம் சர்ப்பகந்தா வேரின் ரெசர்பினும் ஒன்று என்பது நினைவிற்குரியது.

இதே ரெசர்பின் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. அதனை மிகுதியாக உட்கொண்ட சிலர்க்கு மனச்சோர்வு வந்துற்றது. அதனால் அதன் அளவைக் குறைத்தனர். வேறு நல்ல மருந்துகள் வந்தபின் அது பெரும்பாலும் வழக்கொழிந்தது. வேரிலிருந்து வந்ததாயினும் ஆலையிலிருந்து வந்ததாயினும், பயன் தரும் மருந்து எதற்கும் வேறு விளைவும் இருக்கலாம். ‘பச்சிலை மருந்து, கெடுதி செய்யாது’ என்று கூறி, சர்ப்பகந்தாப் பொடியை மருத்துவரறியாமல் மாத்திரையோடு சேர்த்துண்போரை யாம் கண்டதுண்டு. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடும்.

நால்வர் பொறுப்பு

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். அந்நான்காமவரை நாம் மறந்துவிடுகிறோம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அவர் மிக இன்றியமையாதவர்.

ஊரிலிருந்து தாயோ தந்தையோ, மாமனாரோ மாமியாரோ நம்மோடு தங்க வருகின்றனர். மருத்துவர் இந்தியில் கேட்கிறார். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையசைக்கிறார். ‘காலையில் ஒன்று, இரவில் அரை’ என்பது வீடு வந்து சேர்வதற்குள் ‘காலையில் அரை, இரவில் ஒன்று’ ஆகிவிடுகிறது. மகனுக்கு அலுவலகம், மருமகளுக்கும் அலுவலகம், பள்ளிப் பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்கிறது. இது எவர் குற்றமும் அன்று. ஆயினும், இதற்கு எளிய பரிகாரம் உண்டு. வயது வந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும். மருத்துவர் சொன்னதை அவ்விடத்திலேயே திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் பெரிய தமிழ் எழுத்தில் மருந்தின் பெயர், அளவு, வேளை, எதற்காக என்னும் நான்கையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

ஒரு மருந்து, பல பெயர்

யாம் மிகவும் அஞ்சும் பிழை இதுவே. ஆகையால் சற்று விரித்துரைப்போம்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று மருந்துப் பொருளின் பெயர். மற்றொன்று நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர். அம்லோடிபின் என்னும் ஒரே பொருள் நம் நாட்டில் எத்தனையோ வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. ஊரிலுள்ள பெரியவர் அரசு மருத்துவமனையிலோ, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி வீட்டு வாயிலிலோ மாத்திரை பெறுகிறார். தில்லிக்கு வரும்போது அந்த அட்டைகளைக் கொண்டு வருகிறார். இங்குள்ள மருத்துவர் எழுதித் தருவதை நாம் கடையில் வாங்குகிறோம். அட்டையின் நிறம் வேறு, பெயரும் வேறு. ‘அது ஊர் மாத்திரை, இது தில்லி மாத்திரை’ என்று பெரியவர் இரண்டையும் விழுங்குகிறார். உள்ளே போவதோ ஒரே பொருள், இரு மடங்கு. சில நாட்களில் கால் வீங்குகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. ஓரிரவு குளியலறையில் விழுகிறார். முதியவர்க்கு இடுப்பெலும்பு முறிவது எவ்வளவு பெருந்துன்பம் என்பதை இங்குள்ள சில குடும்பங்கள் அறியும்.

ஆதலால், வணிகப் பெயரை நம்பாமல், அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பொருளின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் படியுங்கள். இரு அட்டைகளில் ஒரே பொருட்பெயர் இருப்பின் உடனே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். மக்கள் மருந்தகங்களில் பொருட்பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும் மாத்திரைகளை வாங்குவோர்க்கு இப்பழக்கம் இன்னும் தேவை.

மற்றொரு நுட்பம். வணிகப் பெயரின் பின்னால் ஓரிரு ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஹெச்’ என்றிருந்தால் பெரும்பாலும் சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தது. ‘ஏஎம்’ என்றிருந்தால் அம்லோடிபின் சேர்ந்தது. ‘ஏடி’ என்றிருந்தால் அட்டினலால் சேர்ந்தது. ஓரெழுத்தை விட்டுவிட்டுக் கேட்டால் வேறொரு மருந்து கைக்கு வரும். எனவே, வாய்மொழியாகக் கேட்டு வாங்காமல் சீட்டைக் காட்டி வாங்குங்கள். சீட்டின்றி இவற்றை விற்றலாகாது என்பது சட்டமும் ஆகும். அரை அட்டையாக வெட்டி வாங்கும்போது பெயரும் காலாவதி நாளும் உள்ள பகுதி உங்களிடம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லக் கரையுமாறு செய்த மாத்திரைகளைப் பொடித்தோ மென்றோ உண்ணலாகாது. பாதியாக ஒடிப்பதாயின் முன்னரே கேட்டறிய வேண்டும்.

நிறுத்துவதும் மறப்பதும்

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அளவு 126க்கு 80 என்று வருகிறது. ‘குணமாகிவிட்டது’ என்று மகிழ்ந்து நிறுத்திவிடுகின்றனர். அன்பர்களே, இது காய்ச்சல் போன்றதன்று. மாத்திரையால் அடங்கியிருக்கிறதே அன்றி நோய் அகலவில்லை. குடை பிடித்திருப்பதால் நனையாதவன், மழை நின்றுவிட்டதென்று குடையை மடக்கியது போலாகும் அது.

நிறுத்தினால் அழுத்தம் மெல்ல ஏறும் மருந்துகளும் உண்டு. திடீரென்று நிறுத்தினால் பேரிடர் விளைப்பனவும் உண்டு. அட்டினலால், மெட்டோப்ரோலால் முதலியவற்றைச் சட்டென நிறுத்தினால், இருதய நோயுள்ளவர்க்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் நேரக்கூடும். குளோனிடின் என்பதை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே அழுத்தம் முன்னிருந்ததற்கும் மேலே பாயும். எடை குறைந்து, உப்பும் குறைந்து, நடையும் பழகியபின் சிலர்க்கு மருந்தைக் குறைக்க முடியும் என்பது உண்மையே. அதை மருத்துவர் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வரும்போது உண்ணலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து உண்ணலாகாது. ஊருக்குப் புறப்படும்போது, இரயிலில் பெரிய பெட்டியின் அடியில் மருந்தை வைத்துக் கட்டிவிடாமல், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களோடு ஒரு வாரத்துக்கு மேலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவரைக் காணப் போகும் காலையில் ‘வெறும் வயிறாக இருக்க வேண்டும்’ என்று மாத்திரையை விட்டுவிடுவோர் பலர். அன்று அளவு ஏறித் தெரியும்; மருத்துவர் மருந்தைக் கூட்டிவிடுவார்; மறுநாள் முதல் மிகையான மருந்து உள்ளே போகும். வேறு விதமாகச் சொல்லப்பட்டாலன்றி, இரத்தப் பரிசோதனை நாளிலும் சிறிது நீரோடு இம்மாத்திரையை உண்ணலாம். நீரிழிவு மாத்திரைக்கு விதி வேறு. அதைத் தனியே கேளுங்கள்.

சொல்லாமற் பொறுக்கும் துன்பங்கள்

நம் தாய்மார்கள் பொறுமைக்குப் பெயர் பெற்றவர்கள். மருந்து விடயத்தில் அப்பொறுமை நன்றன்று. அம்லோடிபினால் சிலர்க்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில், ராமிப்ரில் முதலியவற்றால் சிலர்க்கு ஓயாத வறட்டிருமல் வரும். ‘தில்லிப் புகையால் வந்தது’ என்று எண்ணிப் பல மாதம் இருமல் மருந்து குடித்தவர் உண்டு. இவ்வினத்து மருந்தால் உதடோ நாவோ முகமோ வீங்கினால் அடுத்த வேளை உண்ணாமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையால் முதியவர்க்கு உடலில் சோடியம் குறைந்து குழப்பமும் தடுமாற்றமும் தோன்றலாம். ‘பாட்டிக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது’ என்று விட்டுவிடாமல் ஒரு முறை இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர், அட்டினலால் போன்றவற்றை எழுதுமுன் அதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

துன்பம் நேர்ந்தால் தாமாக நிறுத்துவதும் தவறு. வாய்மூடிப் பொறுப்பதும் தவறு. சொன்னால் மாற்று மருந்து உண்டு. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்றவற்றைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் சோதிக்கச் சொல்வர்; வீண் செலவென்று அதைத் தவிர்க்காதீர்கள். இதே இன மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்வன. குழந்தைப்பேறு எதிர்நோக்கும் இளம்பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், அந்நிலைக்கு ஏற்ற வேறு மாத்திரைகளை அவர் தருவார்.

உடன் சேரலாகாதவை

முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கிக் குருதியழுத்தத்தை ஏற்றும். கொதிப்பு மாத்திரையின் பயனையும் குறைக்கும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் டெல்மிசார்டன் போன்றதும் உண்பவர் இவற்றை நாள்தோறும் உண்டால் சிறுநீரகம் பழுதாகலாம். குளிர்காலத்தில் மூக்கடைப்புக்கு விற்கும் மாத்திரைகள் சிலவும் அழுத்தத்தை ஏற்றுவன. நீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரைகளில் சோடியம் மிகுதி.

நம் அடுக்களையையும் நோக்குவோம். ஊரிலிருந்து அன்போடு வரும் பொட்டலத்தில் அப்பளம், வடாம், மாவடு, நார்த்தங்காய், மோர்மிளகாய் எல்லாம் இருக்கும். எல்லாவற்றிலும் உப்பே தலைவன். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலுமாக 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இந்துப்பு நல்லது என்று அதற்கு மாறியோர் பலர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. கூடுதலாக இடுவதற்கு அது உரிமைச் சீட்டு அன்று. சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்புக்கு மாறலாம் என்று அந்நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் குறையுடையோர்க்கு அது பொருந்தாது என்றும் விலக்கியது. டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் உண்போர்க்குப் பொட்டாசியம் மிகுந்து இருதயத் துடிப்பே தடுமாறக்கூடும். கேட்டறிந்தே மாற வேண்டும்.

தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம் சுவைப்பது நம் பழக்கம். என்றோ ஒரு துண்டு தீங்கன்று. நாள்தோறும் கஷாயமாகக் குடித்தால் அது அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். மருத்துவரிடம் மருந்துகளைச் சொல்லும்போது இத்தகைய கஷாயங்களையும் சூரணங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தில்லியின் வெயிலும் குளிரும்

நம் கடற்கரை ஊர்களில் இல்லாத கடுங்கோடையும் கடுங்குளிரும் இங்குண்டு. குளிர்காலத்தில் நாளங்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அந்நாட்களில் அடிக்கடி அளந்து பார்ப்பது நன்று. மே, ஜூன் மாதங்களில் வியர்வையால் நீரும் உப்பும் வெளியேற, சிறுநீர் பெருக்கும் மாத்திரை மேலும் வெளியேற்ற, அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் இம்மாத்திரையையும் டெல்மிசார்டன் போன்றவற்றையும் ஓரிரு நாள் நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைத் தொலைபேசியிலேனும் உடனே கேளுங்கள். நீருமருந்தாத நோன்பு இருப்போரும் முன்னதாகக் கேட்டல் நலம். முதியவர் படுக்கையிலிருந்து எழும்போது சற்று அமர்ந்து, பின்னர் நிற்கப் பழக வேண்டும். மருந்தை அடுப்பருகிலும் வெயில் படும் சாளரத்திலும் வைக்கலாகாது.

அளக்கும் முறையும் ஆபத்து வேளையும்

வீட்டில் அளக்கும் கருவி வைத்திருப்போர் மேற்கையில் சுற்றும் வகையையே வாங்குங்கள். காப்பி குடித்து அரைமணி கழிந்தபின், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமருங்கள். கையை இருதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஏறியது கண்டு கூடுதல் மாத்திரை விழுங்காதீர்கள். அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த வீட்டாரின் மாத்திரை அவர்க்கு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அது அவர்க்கே உரியது.

180க்கு 120ஐத் தாண்டியதாகக் கண்டால் சிறிது ஓய்வுக்குப்பின் மீண்டும் அளங்கள். குறையாவிடில், வேறு துன்பம் இல்லையாயினும் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், முகம் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதியாமல் 112ஐ அழைத்து மருத்துவமனை செல்லுங்கள். முகமோ கையோ பேச்சோ தடுமாறினால் அளவு எதுவாயினும் காத்திருக்க வேண்டாம். நாளத்தை அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதிலும் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. நிஃபெடிபின் குளிகையை உடைத்து நாவின்கீழ் விடும் பழைய வழக்கம் தீது. அழுத்தம் திடீரென்று வீழ்ந்து, அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்தமையால், அதனைக் கைவிடுமாறு மருத்துவ அறிஞர்கள் 1996லேயே வலியுறுத்தினர்.

அன்பர்களே! நீண்ட பேச்சைப் பொறுமையோடு கேட்டீர்கள். இவ்விழா முடிந்து இல்லம் சேர்ந்ததும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டிலுள்ள பெரியவரின் மருந்துப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அவரோடு அமர்ந்து திறந்து பாருங்கள். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் படித்து, ஒரே பொருள் இருமுறை உள்ளதா, காலம் கடந்தது உண்டா, எதற்கென்று தெரியாதது உண்டா என்று நோக்குங்கள். ஐயமானவற்றைத் தனியே வைத்து, மறுநாள் மருத்துவரிடம் கேளுங்கள். ஊரில் தனித்திருக்கும் பெற்றோரிடம் தொலைபேசியில் பேசும்போது ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்பதோடு, ‘மாத்திரை கைவசம் இருக்கிறதா? கடைசியாக எப்போது அளந்தீர்கள்?’ என்றும் கேளுங்கள்.

நம் சங்கமும், மாதந்தோறும் கூடும் நாளில் ஒரு மூலையில் மேசையிட்டு, அளக்கும் கருவி ஒன்றை வைத்து, தமிழில் எழுதித் தருவார் ஒருவரையும் அமர்த்துமாயின், மொழியறியாது தலையசைக்கும் முதியோர் பலர்க்கு அது பேருதவியாகும். செயற்குழுவினர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தமிழைக் காக்கக் கூடிய நாம், தமிழ் பேசும் பெரியோர் நம்மிடையே நெடுநாள் நலமுடன் வாழவும் கூடுவோமாக.